இலையை இரண்டு சமன்பாட்டில் அடக்க முடியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகலைத் தாவரவியல் படிக்கிறீர்கள், கணக்கு பிளஸ் டூவோடு நின்றுவிட்டது, ஆய்வேட்டில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு கணித மாதிரியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். "இத்தனை நொதி, இத்தனை வினை நடக்கும் இலையை இரண்டே சமன்பாட்டில் எழுதிவிடுகிறார்களே, அது உண்மையில் மாதிரியா, இல்லை தரவுக்கு ஏற்ற மாதிரி வரைந்துகொண்ட வளைகோடா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வளைகோடு வரைவதும் நடந்திருக்கிறது, ரொம்ப நாள் நடந்தது. ஒளி ஏற ஏற ஒளிச்சேர்க்கை ஏறும், ஒரு கட்டத்தில் படுத்துவிடும். இந்த வடிவத்துக்கு ஒரு அதிபரவளையத்தைப் பொருத்தினால் படம் அழகாக வரும். ஆனால் அந்தச் சமன்பாட்டில் இருக்கும் எண்களுக்கு இலைக்குள் முகவரி கிடையாது. வெப்பநிலையை மாற்றினால் என்ன ஆகும், காற்றில் கரியமில வாயு கூடினால் என்ன ஆகும் என்று கேட்டால் அது திருதிருவென முழிக்கும். நீங்கள் பயன்படுத்தப்போகிற மாதிரி அந்த ரகம் இல்லை. அதிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் "இது இந்த நொதியுடையது, இது இந்தச் சவ்வில் நடப்பது" என்று கைகாட்டிச் சொல்லலாம்.

அந்த மாதிரி 1980இல் 'பிளான்டா' இதழில் வந்தது. எழுதியவர்கள் மூவர்: கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த கிரஹாம் ஃபார்குவார், சுசானே ஃபான் கேமரர், அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தில் இருந்த ஜோ பெர்ரி. இன்றைக்கு உலகக் காலநிலை மாதிரிகளில் காடும் வயலும் எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கின்றன என்று போடும் கணக்குகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது இந்தக் கட்டுரைதான். ஃபார்குவாருக்கு 2017இல் கியோட்டோ பரிசு கிடைத்தது.

யோசனையின் வேர் இன்னும் பழையது. 1905இல் கேம்பிரிட்ஜில் பிளாக்மன் என்ற தாவரவியலாளர் சொன்னார்: ஒரு வேலை பல காரணிகளைச் சார்ந்திருந்தால், அதன் வேகத்தைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே மெதுவான காரணி. தோசைக்கல் ஒன்றுதான் என்றால் அண்டா நிறைய மாவு இருந்து என்ன பயன்? மாவு தீர்ந்துவிட்டால் நாலு கல் இருந்து என்ன பயன்? 1980 மாதிரி செய்தது இலைக்குள் எது கல், எது மாவு என்று கண்டுபிடித்துச் சொன்னதுதான்.

கல் என்றால் ரூபிஸ்கோ. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரை வேலைக்கு அனுப்பும் நொதி. மகா சோம்பேறி, ஒரு நொடிக்கு மூன்று முறை அளவில்தான் வேலை செய்யும். அதனால்தான் இலை இதைக் கொட்டிக் குவித்து வைத்திருக்கிறது. சோம்பேறித்தனத்தைக்கூட மன்னிக்கலாம், இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். 1971இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் போவ்ஸும் ஆக்ரனும் இதைக் காட்டினார்கள். ஆக்சிஜனைப் பிடித்துவிட்டால் அந்தத் தவறைச் சரிசெய்ய இலை ஒரு நீண்ட சுற்றுவழியில் போக வேண்டும், போகிற வழியில் இரண்டு தவறுக்கு ஒரு கரியமில வாயு வெளியே போய்விடும். ஒளிச்சுவாசம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இனிமேல் கொஞ்சம் கணக்கு. எழுத்துகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன். இலைக்குள் இருக்கும் கரியமில வாயுவின் அளவு க (பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று). ரூபிஸ்கோவின் உச்ச வேகம் வ. பிடிப்பதும் தப்புவதும் சரிக்குச் சரியாகும் ஈடுசெய் புள்ளி ஈ. அப்புறம் ம, இது வேதியியலில் பார்த்த அதே மைக்கேலிஸ் மாறிலிதான் (நொதி தன் உச்சத்தில் பாதி வேகத்தை எட்டும் வாயு அளவு), ஆக்சிஜன் போட்டிக்கு நிற்பதால் கொஞ்சம் பெருத்துப்போனது. கல் கட்டுப்படுத்தும்போது வேகம்:

வ × (க − ஈ) ÷ (க + ம)

25 டிகிரி செல்சியஸில் ஈ ஏறத்தாழ 43, ம ஏறத்தாழ 710. புகையிலைச் செடியில் அளந்து 2001இல் வெளியான எண்கள் இவை; சி3 தாவரங்களின் (நெல், கோதுமை போல வாயுவை நேரடியாக ரூபிஸ்கோவாலேயே பிடிப்பவை) ரூபிஸ்கோ ஒன்றுக்கொன்று பெரிதாக மாறாது என்ற நம்பிக்கையில் எல்லாரும் எல்லாச் செடிக்கும் இதையே போடுகிறோம். முழுக்கச் சரி இல்லை, ஆனாலும் நடக்கிறது.

மாவு என்பது ஒளியிலிருந்து வரும் ஆற்றல். பசுங்கணிகத்தின் சவ்வில் ஓடும் எலக்ட்ரான்தான் அந்த ஆற்றலைக் கொண்டுவருகிறது. அந்த ஓட்டத்தை எ என்று வைத்தால், மாவு கட்டுப்படுத்தும்போது வேகம்:

எ × (க − ஈ) ÷ (4க + 8ஈ)

இந்த 4, 8 எங்கிருந்து வந்தன என்று பாதிப் பேர் கேட்பதே இல்லை. ஒரு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்க இரண்டு என்ஏடிபிஎச் (எலக்ட்ரானைச் சுமந்துவரும் மூலக்கூறு) வேண்டும், அதற்கு 4 எலக்ட்ரான். ஒவ்வொரு ஆக்சிஜன் தவறைச் சரிசெய்யவும் அதே 4 எலக்ட்ரான். ஒரு முறை சரியாகப் பிடித்தால் எத்தனை முறை தவறும் என்பது 2ஈ ÷ க என்ற விகிதம். அதை 4ஆல் பெருக்கினால் 8ஈ ÷ க. அவ்வளவுதான், மந்திரம் ஒன்றும் இல்லை. இந்த விகிதத்தை மட்டும் ஒருமுறை எண் போட்டுப் பாருங்கள்: வெளிக்காற்றில் 400 பிபிஎம் இருக்கும்போது சி3 இலைக்குள் அதில் பத்தில் ஏழு பங்கு, அதாவது 280 அளவில் இருக்கும். 2 × 43 ÷ 280 என்றால் 0.3. பத்து முறை சரியாகப் பிடித்தால் மூன்று முறை தவறுகிறது, அதுவும் சாதாரணமான ஒரு நாளில்.

எ எவ்வளவு என்பது ஒளியைப் பொறுத்தது. ஒளி குறைவாக இருக்கும்போது நேர்கோடாக ஏறி, சவ்வின் உச்சத் திறனை நெருங்கும்போது மெல்ல வளைந்து படுக்கும். இதற்கு ஒரு இருபடிச் சமன்பாடு போடுவார்கள். உண்மையைச் சொன்னால் மாதிரியிலேயே இந்த ஒரு இடம்தான் பழைய 'வளைகோடு வரைகிற' வேலை. வளைவுக்கு 0.7 என்ற எண்ணைப் போடுவது வழக்கம், ஏன் 0.7 என்றால் பொருந்துகிறது என்பதுதான் பதில்.

இரண்டு வேகத்தில் எது சிறியதோ அதை எடுத்து, சுவாசத்தைக் கழித்தால் நிகர ஒளிச்சேர்க்கை. மூன்றாவதாக ஒரு தடையும் உண்டு, செய்த சர்க்கரையை இலை வெளியே அனுப்ப முடியாமல் திணறும் நிலை. அதை ஷார்க்கி என்ற ஆய்வாளர் 1985இல் சேர்த்தார். கரியமில வாயுவை ஏற்றியும் வேகம் கொஞ்சமும் நகராமல் சப்பையாக நின்றால் அதைச் சந்தேகியுங்கள், மற்றபடி ஆரம்பத்தில் மறந்துவிடலாம்.

இப்போது ஒரு இலையைக் கையில் எடுப்போம். வ 60, எலக்ட்ரான் உச்சம் 110, சுவாசம் 1. எல்லாமே ஒரு சதுர மீட்டர் இலைக்கு ஒரு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்ற அலகில். 25 டிகிரி, நல்ல வெயில், ஒளி அளவு 1500. க 280.

கல்: 60 × 237 ÷ 990 = 14.4. மாவு: இந்த வெயிலில் எ 103 வருகிறது, அதைப் போட்டால் 16.7. சிறியது 14.4, சுவாசம் போக 13.4. ரூபிஸ்கோதான் தடை.

ஒரு மேகம் வருகிறது, ஒளி 300 ஆகிறது. கல் அப்படியே 14.4. எ 70.5 ஆக இறங்க, மாவு 11.4. இப்போது மாவு தடை, நிகரம் 10.4. ஒளி ஐந்தில் ஒரு பங்காகியும் ஒளிச்சேர்க்கை கால் பங்குக்கும் குறைவாகத்தான் விழுந்தது. மேகமூட்டமான நாளில் செடி பட்டினி கிடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுவேன்.

திரும்ப வெயில், ஆனால் காற்றில் கரியமில வாயுவை இரட்டிப்பாக்கி 800 ஆக்குவோம், இலைக்குள் 560. கல் 24.4 ஆகத் தாவுகிறது, ஆனால் மாவு 20.6 உடன் நின்றுவிடுகிறது. நிகரம் 19.6. வாயு இரண்டு மடங்கு, விளைவு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இலையில் க 380ஐத் தாண்டும்போது தடை கைமாறுகிறது, அதற்கப்புறம் ரூபிஸ்கோவை எத்தனை சேர்த்தாலும் வீண். "கரியமில வாயு கூடினால் பயிருக்கு நல்லதுதானே" என்று யாராவது கேட்டால், எந்தத் தடையில் நிற்கிறது உங்கள் இலை என்று திருப்பிக் கேட்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெப்பநிலைக் கணக்கு. 25இலிருந்து 35 டிகிரிக்கு ஏற்றினால் ரூபிஸ்கோவின் உச்ச வேகம் 2.35 மடங்காகிறது, 60 இருந்தது 141. ஆகா என்று தோன்றும். ஆனால் ம 710இலிருந்து 1680க்கு ஏறிவிடுகிறது, அதாவது கரியமில வாயுவைப் பிடிக்கும் பிடி தளர்கிறது. ஈ 43இலிருந்து 70 ஆகிறது, அதாவது பத்துக்கு மூன்றாக இருந்த தவறு பத்துக்கு ஐந்தாகிறது. சுவாசம் 1.8 ஆகிறது. எல்லாம் போட்டுக் கணக்கிட்டால் கல் 15.1, நிகரம் 13.2 அல்லது 13.3. ஆரம்பித்தது 13.4இல்! நொதி இரண்டே கால் மடங்குக்கு மேல் ஓடியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இத்தனைக்கும் சூட்டில் ரூபிஸ்கோவை எழுப்பி வைக்கும் உதவிப் புரதம் தளர்ந்துபோவதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை; சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். வெறும் வளைகோடு இதை உங்களுக்குச் சொல்லியிருக்காது.

சரி, க 280 என்று நானாக வைத்துக்கொண்டேனே, அது எங்கிருந்து வந்தது? இங்கேதான் இலைத்துளை வருகிறது. காற்றிலிருந்து இலைக்குள் வாயு வரும் வேகம் = துளையின் கடத்துதிறன் × (வெளி அளவு − உள் அளவு). துளை எவ்வளவு திறக்கும் என்பதோ ஒளிச்சேர்க்கையையும் காற்றின் வறட்சியையும் பார்த்து மாறும். 1987இல் பால், உட்ரோ, பெர்ரி ஒரு சமன்பாடு தந்தார்கள், 2011இல் மெட்லினும் உடன் ஆய்வாளர்களும் தந்ததுதான் இப்போது அதிகம் ஓடுகிறது. ஆக ஒளிச்சேர்க்கைக்கு க வேண்டும், க தெரிய துளை வேண்டும், துளைக்கு ஒளிச்சேர்க்கை வேண்டும். பயப்பட வேண்டாம். க 280 என்று ஒரு ஊகம் போடுங்கள், ஒளிச்சேர்க்கை வரும், அதிலிருந்து துளை வரும், அதிலிருந்து புது க வரும், அதைத் திரும்பப் போடுங்கள். பெரும்பாலும் சில சுற்றில் எண் அசையாமல் நின்றுவிடும். எக்செல்லிலேயே செய்யலாம்.

துளையைச் சேர்த்தவுடன் தண்ணீரும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. நம் இலையில் நிகரம் 13.4, வெளிக்கும் உள்ளுக்கும் 120 பிபிஎம் வித்தியாசம், ஆக வாயுவுக்கான கடத்துதிறன் 0.112 மோல். நீராவி லேசானது, அதே துளையில் 1.6 மடங்கு எளிதாகப் போகும். இலைக்கும் காற்றுக்கும் நீராவி அழுத்த வித்தியாசம் 1.5 கிலோபாஸ்கல் என்றால் (கடும் வறட்சி இல்லை, சாதாரணப் பகல்தான்), 2.7 மில்லிமோல் தண்ணீர் போகிறது. வகுத்துப் பாருங்கள்: ஒரு கரியமில வாயு மூலக்கூறை உள்ளே கொண்டுவர ஏறத்தாழ 200 நீர் மூலக்கூறு செலவு. வியாபாரமாகப் பார்த்தால் திவால். ஆனாலும் நெல்லும் கோதுமையும் இந்த விலையைக் கொடுத்துத்தான் வளர்கின்றன.

ஒரு கிளைக்கதை. உள்-வெளி விகிதம் கார்பனின் ஐசோடோப்பில் (எடை மட்டும் வேறான கார்பன் அணுக்களின் விகிதத்தில்) தடம் விட்டுப்போகும் என்று ஃபார்குவார், ஓலியரி, பெர்ரி 1982இல் சமன்பாடு எழுதினார்கள். அப்புறம் இலையைக் கருவிக்குள் வைக்காமலே, காய்ந்த செடித்துண்டை அளந்து எந்தக் கோதுமை தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட்டது என்று சொல்ல முடிந்தது. அதை வைத்துத் தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவில் 'டிரைஸ்டேல்' என்ற கோதுமை ரகம் 2002இல் வந்தது.

உங்கள் ஆய்வேட்டுக்கு நேரடியாக வேண்டியது இனி வருவது. வ, எ இரண்டையும் எப்படிப் பெறுவது? இலையை வாயுப் பரிமாற்றம் அளக்கும் கருவியின் அறைக்குள் கவ்வவைத்து, ஒளியை முழுதாக வைத்துக்கொண்டு, கரியமில வாயுவை மட்டும் படிப்படியாக மாற்றி அளப்பார்கள். 400இல் ஆரம்பித்து 50 வரை இறக்கி, மறுபடி 400க்கு வந்து, அப்புறம் 1500 வரை ஏற்றுவது வழக்கம். திரும்பி வந்த 400இல் முதல் எண்ணே வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நடுவில் இலை மாறிவிட்டது, அந்த வளைவைப் பொருத்துவதில் அர்த்தமில்லை. தாழ்ந்த க பக்கத்துப் புள்ளிகள் வ-வைத் தரும், உயர்ந்த பக்கத்துப் புள்ளிகள் எ-வைத் தரும். மொத்தப் புள்ளிகளையும் ஒரே சமன்பாட்டில் திணித்தால் இரண்டும் கெடும். ஆர் என்ற கணினி நிரல்மொழியில் பிளான்ட்-இகோ-ஃபிஸ் என்ற இலவசத் தொகுப்பு இதைச் செய்துதரும். ஆனால் முதல் இரண்டு மூன்று வளைவைக் கையால் பொருத்துங்கள்.

நான் முதன்முதலில் அளந்த வளைவில் புள்ளிகள் குரங்கு மாதிரி தாவின. மாதிரியில் கோளாறு என்று இரண்டு நாள் தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால், திரையை உற்றுப் பார்க்கிறேன் பேர்வழி என்று காற்று இழுக்கும் குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே குனிந்து மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். நம் மூச்சில் 4 சதவீத அளவு கரியமில வாயு, அதாவது 40,000 பிபிஎம். சமன்பாடு பாவம், என்ன செய்யும்? அதே மாதிரி தடித்த நடுநரம்பு அறையின் ரப்பர் விளிம்புக்குக் கீழே மாட்டிக்கொண்டால் கசிவு இருக்கும், குறிப்பாக 50, 100 பிபிஎம்மில் எண் பொய் சொல்லும்.

மாதிரி எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளம், கரும்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் சி4. அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயுவை பம்ப் அடித்து நிரப்பி வைத்திருப்பதால் ஆக்சிஜன் தவறு ஏறக்குறைய அடங்கிவிடும். அதற்குத் தனிச் சமன்பாடு உண்டு, ஃபான் கேமரரே எழுதியது. நெல்லுக்கான சமன்பாட்டைக் கேழ்வரகில் போட்டுவிட்டு ஆச்சரியமான முடிவு கிடைத்தது என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, இலையிலிருந்து செடிக்குப் போகும்போது சராசரி எடுக்கிற ஆபத்து. நம் இலையில் பாதிப் பரப்பு 1500 வெயிலிலும் பாதி 300 நிழலிலும் இருக்கட்டும். நிகரம் 13.4, 10.4, சராசரி 11.9. ஒளியை முதலில் சராசரியாக்கி 900 என்று போட்டால் மாதிரி 13.4 என்கிறது, ஏனென்றால் 900 ஒளியிலேயே கல்தான் தடை. ஒரே இலை, ஒரே மாதிரி, வரிசையை மாற்றியதில் 12 சதவீதம் அதிகம். அதனால்தான் விதானக் கணக்கில் (பயிரின் மொத்த இலைக்கூட்டத்துக்கான கணக்கு) வெயில் இலை, நிழல் இலை என்று இரண்டு கூடையாகப் பிரிக்கிறார்கள்.

கடைசியாக, மேலே மேகம் வந்ததும் 10.4 என்று சட்டென்று எழுதினேன், நிஜ இலை அப்படிச் சட்டென்று மாறாது. கடும் வெயிலில் மிகை ஒளியை வெப்பமாக்கித் தள்ளும் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்று இலையில் உண்டு. நிழல் வந்த பிறகும் அது பல நிமிடம் அணையாமல் கிடக்கும், அதுவரை கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் வீணாக்கும். இந்த நட்டம் பயிரில் பெரிதாக இருக்கும் என்று 2004இல் இல்லினாய்ஸ் குழு கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியது. 2016இல் புகையிலையில் மூன்று மரபணுக்களைக் கூட்டி அந்த ஏற்பாட்டைச் சீக்கிரம் அணையவைத்து வயலில் நட்டுப் பார்த்தார்கள், உலர் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. நீங்கள் நேரத்தோடு மாறும் ஒளியில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் நான் மேலே எழுதியது ஒளி மாறாமல் நிலைபெற்றுவிட்ட இலைக்கான கணக்கு என்பதை மறக்காதீர்கள்.

எக்செல்லைத் திறந்து ஒளி, க, வெப்பநிலை மூன்றையும் மாற்றக்கூடிய கட்டமாக வைத்து, மேலே உள்ள 13.4, 10.4, 19.6 மூன்றும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். எலக்ட்ரானுக்கு ஒளியில் 85 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, அதில் 15 சதவீதம் கழிவு, மிச்சத்தில் பாதி என்று எடுத்திருக்கிறேன்; வளைவு எண் அதே 0.7. அப்புறம் வேறொருவர் கட்டுரையிலிருந்து வ-வை எடுத்துப் போடுவதாக இருந்தால், அவர் எந்த ம, எந்த ஈ வைத்துப் பொருத்தினார் என்று செய்முறைப் பகுதியில் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள், அவருடைய வ உங்களுடைய ம-வோடு ஒட்டாது.